யானை குறுக்கே வந்த கதை

மனே,

இதை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். போனில் தமிழ் தட்டுவது எனக்கு இன்னும் சரிவரவில்லை, தங்கச்சிதான் குற்று எங்கே இருக்கிறது, கொம்பு எங்கே இருக்கிறது என்று காட்டித் தந்தாள். வொயிஸ் போட்டால் முடிஞ்சுதே அப்பா என்கிறாள். வொயிஸ் போட்டால் கொம்மா பக்கத்தில் வந்து நிற்பா, நான் சொல்லாததையும் சேர்த்து அவ சொல்லுவா. அதனால்தான் எழுத்து.

இங்கே எல்லாரும் சுகம். விதைப்பு முடிந்துவிட்டது, மழையும் அளவாகப் பெய்கிறது, வெள்ளம் வராவிட்டால் சரி. மேலே கொங்கிறீட் பிளேட் போட்ட பிறகு நடு அறை நல்ல குளிர்மை. கறுப்பி நாலு குட்டி போட்டிருக்கிறாள்.

போன புதன்கிழமை நீ வீடியோவில் வந்தபோது உனக்குப் பின்னால் அறைக் கட்டில் தெரிந்தது, அதில் அந்த நீலப் போர்வை. இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே சவூதியில் பன்னிரண்டரை. புதன்கிழமை பன்னிரண்டரைக்கு நீ ரோட்டில் அல்லவா நிற்கவேண்டும். கொம்மா அதைக் கவனிக்கவில்லை, மெலிந்துபோனாய் என்றுதான் அழுதா. போனை வலது கையாலேயே பிடித்திருந்தாய், பிறகு கமராவை ஃபேன் பக்கம் திருப்பிவிட்டாய். காலமையில் டாஷ்போர்டைப் படம் எடுத்து அனுப்புவாயே, அதுவும் மூன்று கிழமையாக இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லவேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நித்திரை வந்தால் நிறுத்து. இதை நீ சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த நாளில் இருந்து சொல்கிறேன், நீயும் ஓமப்பா ஓமப்பா என்று சொல்லிக்கொண்டு வருகிறாய். 80 இல் போகிற லொறி ஒரு செக்கனுக்கு 22 மீற்றர் ஓடும். நாலு செக்கன் கண் மூடினால் கிட்டத்தட்ட 90 மீற்றர். உனக்கு அந்தத் தூரம் விளங்க வேண்டுமென்றால், நம்முடைய படலையில் இருந்து பிள்ளையார் கோயில் கிணறு வரைக்கும், ஆள் இல்லாமல் ஓடுகிற லொறி. கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்ளலாம் என்பது ஓடினவனுக்குத் தெரியும். போன பத்துக் கிலோமீற்றரில் என்னத்தைத் தாண்டி வந்தாய் என்று நினைத்துப் பார், ஞாபகம் வராவிட்டால் நீ ஏற்கனவே ஒருதரம் நித்திரை கொண்டு எழும்பிவிட்டாய் என்று எடுத்துக்கொள். மற்ற அடையாளம் எல்லாம் உனக்குத் தெரியும், கொட்டாவி, கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி எரிவு, ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்துவது. சாமம் இரண்டு மணியில் இருந்து விடியும் வரைக்கும், மறுகா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்த இரண்டு நேரமும் எப்படிப்பட்ட ஆளையும் அமுக்கும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டைக் கூட்டுவதும் மூஞ்சியில் தண்ணீர் அடிப்பதும் ஐந்து நிமிடத்துக்குத்தான். ஒரு கோப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படு, நீ எழும்பும் நேரத்துக்குக் கோப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் ரோட்டு ஓரத்தில் படுக்காதே, பின்னால் வருகிறவனும் உன்னைப் போல நித்திரைக்காரனாக இருக்கலாம். பெற்றோல் ஸ்டேஷனுக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டுப் படு.

உன் அறையில் இருக்கிற பெடியன் யாரோ குளிசை தருவான், போட்டால் இரண்டு நாளைக்கு நித்திரை வராது என்பான். அந்த நாட்டில் அது பிடிபட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிடிபடாவிட்டாலும் குளிசை நித்திரையைத் தள்ளித்தான் வைக்கும். தள்ளி வைத்தது ரோட்டில் வைத்து ஒரேயடியாக வரும்.

எனக்குத் தெரியும், நீ கெட்டிக்காரன். 40 அடி கன்டெய்னரோடு ட்ரெயிலரை ரிவேசில் ஒரே எடுப்பில் வைக்கிற வீடியோவை இங்கே எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன், மில்லில் நெல் மூட்டை இறக்குகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினேன். நான் முப்பது வருடம் ஓடியும் எனக்கு ட்ரெயிலர் ரிவேஸ் வராது. ஆனால் கெட்டிக்காரனுக்கு நித்திரை வராது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தம்மாமில் இருந்து ஜித்தாவுக்கு 1,300 கிலோமீற்றருக்கு மேலே, நம்முடைய ஊரில் இருந்து கொழும்பு 300 சொச்சம், அதற்கே நாங்கள் மகியங்கனையில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்துவோம். அங்கே வளைவும் இல்லை, மரமும் இல்லை, ஒரே நீட்டுக் கறுப்புக் கோடு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே கண் சொருகும். இரவில் ஒட்டகம் வேறு. ஒட்டகத்தின் கால் உயரம், பம்பர் காலில் பட்டால் உடம்பு கண்ணாடிக்குள்ளே வந்து விழும் என்று நீதானே சொன்னாய்.

தண்ணீர் குடி. மூத்திரம் வரும், நிறுத்தவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் ஓடித்தான் உன் மாமாவுக்குக் கல் வந்தது. அந்த எனர்ஜி டின்னை விடு, அது முழுக்கச் சீனி. அப்பப்பாவுக்கும் சீனி வருத்தம், எனக்கும் சீனி வருத்தம், அடுத்தது யார் என்று கொம்மா கேட்கிறா. நான் கனரக வாகனத்துக்கு நாலு வருடத்துக்கு ஒருதரம் மெடிக்கல் எடுக்கப் போகும்போதெல்லாம், சீனி இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன், வெளியே வந்து டொக்டரை ஏமாற்றிவிட்டேன் என்று சிரிப்பேன். இப்போது இடது காலில் சுண்டுவிரல் இல்லை. பூட்ஸுக்குள் ஒரு கல்லுக் கிடந்திருக்கிறது, காலமையில் இருந்து பின்னேரம் வரைக்கும் அதோடு கிளட்ச் மிதித்திருக்கிறேன், தெரியவில்லை. நீ ஆறு மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் குத்திப் பார். குறட்டை விடுகிறாய் என்று அறையில் உள்ளவர்கள் பகிடி பண்ணினால் அதையும் டொக்டரிடம் சொல். படுத்து எழும்பியும் களைப்பு என்றால் அது மூச்சு அடைபட்டு அடைபட்டு வருகிற நித்திரை. எட்டு மணித்தியாலம் கட்டிலில் கிடந்தாலும் அது நித்திரை இல்லை.

கெபினில் இருந்து குதிக்காதே. ஏணிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கு. என் முழங்கால் இரண்டும் அந்தக் குதிப்பில் போனதுதான். டயருக்குக் காற்றுப் பார்ப்பது காலமையில், குளிர்ந்திருக்கும்போது. பகலில் சூடேறிக் கூடக் காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிடுகிற முட்டாள்கள் இருக்கிறார்கள், குறைந்த காற்றோடு ஓடினால் டயர் இன்னும் சூடாகி வெடிக்கும். கன்டெய்னர் லொக் நாலையும் நீயே கையால் தொட்டுப் பார், அவன் பூட்டினேன் என்று சொன்னான் என்ற கதை வேண்டாம். சரி, இதெல்லாம் உனக்குத் தெரியும்.

போலந்துக்கோ லிதுவேனியாவுக்கோ போகலாம் என்று அந்த ஏஜென்சிக்காரன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அங்கே ஓட்டுகிற சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் கட்டாயம் நிறுத்தவேண்டும், ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10, எல்லாவற்றையும் லொறியில் இருக்கிற மிஷின் எழுதும், முதலாளி நினைத்தாலும் கூட ஓட்ட முடியாது. ஆனால் அங்கே ஓடுவதற்கு கோட் 95 என்று தனியாக ஒரு சாரதித் தகைமை எடுக்கவேண்டும். அதை யார் செலவில், எந்த நாட்டில், எத்தனை மாதத்தில் எடுத்துத் தருகிறான் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டாதே. ஏஜென்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் போன் எடுத்துக் கேட்கலாம், தங்கச்சியைக் கொண்டு நானே கேட்பிக்கிறேன். நல்ல வேலை என்று ரஷ்யாவுக்குப் போன நம் நாட்டு முன்னாள் இராணுவக்காரர் யுத்தத்தில் போய் நின்ற கதை 2024 இல் பேப்பரில் வந்ததுதானே. சவூதியை விட்டு வருவதென்றாலும் அவசரப்பட்டு எறிந்துவிட்டு வராதே. ஐந்து வருடம் வரைக்கும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதம் என்று உனக்குச் சேருகிற காசு இருக்கிறது, நீயாக விலகினால் அதில் வெட்டுவார்கள். கணக்கைப் பார். அரபியில் எழுதின கடதாசி எதிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே. முக்கியமாக இப்போது வைக்காதே.

இப்போது என்று ஏன் எழுதினேன் என்று உனக்கு விளங்கும்.

நித்திரை வந்தால் நிறுத்து மனே. பிளேட்டுக்குக் காசு காணாது என்று ஆடியில் நான்தான் போனில் சொன்னேன். நீ இரண்டு ட்ரிப் கூட அடிக்கிறேன் என்றாய். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவனமாக ஓடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இந்தக் குளிர்மையான நடு அறையில் இப்போது எனக்குத்தான் நித்திரை வருவதில்லை.

அந்த யானைக் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் படம் கீறினாயே, நீல லொறி, பெரிய யானை, ஸ்டியரிங்கில் நான். அந்தப் படம் இப்போதும் அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லொறிக்காரனாக வேண்டும் என்று சொன்னாய் என்று கொம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லுவா.

2013 மாசி. பெரும்போக நெல்லு முழுக்கப் பொலன்னறுவை மில்லுக்குப் போகிற காலம், நாங்கள் விளைவிப்பதும் நாங்களே ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுப்பதும், பிறகு அரிசியாக வாங்கித் தின்பதும். மூன்று இரவு தொடர்ந்து ஓடியிருந்தேன். மூன்றாவது இரவு வெறும் லொறியோடு திரும்பி வருகிறேன், வெலிகந்தை தாண்டி, புணாணைக்கு இன்னும் கொஞ்சத் தூரம். கிளீனர் பெடியன் இடப்பக்கத்தில் கதவில் தலையைச் சாய்த்து நித்திரை. கடைசியாக எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு வெள்ளைக் கிலோமீற்றர் கல், அதில் இலக்கம் அழிந்திருந்தது. மறுகா மரம். இடப்பக்கம் முழுக்கப் போய் மரத்தில் ஏறியிருந்தது, ரேடியேட்டர் தண்ணீர் சூடாக என் காலில் ஓடுகிறது, அவன் அம்மா அம்மா என்று கத்துகிறான்.

யானை இல்லை மனே.

பொலிஸ்காரர் டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, அலியெக்த, யானையா என்று சிங்களத்தில் கேட்டார். அந்த ரோட்டில் இரவில் லொறி மரத்தில் ஏறினால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் கட்டினது. முதலாளி யானை என்றார், ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்கள் யானை என்றார்கள், ஊருக்கு வரும்போது அதற்குக் கொம்பும் முளைத்திருந்தது. ஒடித்துத் திருப்பினபடியால்தான் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று பெடியனின் தாய் என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. நான் கும்பிட விட்டுக்கொண்டு நின்றேன்.

அவனுக்கு அந்த இடது கால் இன்றைக்கும் மடங்காது. சைக்கிளை ஒரு காலால் மிதித்துக்கொண்டு பின்னேரத்தில் தேத்தண்ணிக்கு வருவான், வந்தால் அந்த யானைக் கதையை என்னைவிட வடிவாகச் சொல்லுவான், அவன் நித்திரையில் இருந்தவன், எதையும் காணவில்லை, ஆனால் யானை காதை விசுக்கினதைக்கூடச் சொல்லுவான். நான் பக்கத்தில் இருந்து சிரிப்பேன். இவ்வளவு வருடமும் அப்படித்தான்.

உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம், லொறி கராஜில் நிற்கலாம், காய்ச்சலாக இருக்கலாம். நடந்திருந்தால், ஒட்டகம் என்று சொல்லியிருந்தால், வேறு யாருக்கும் அடிபட்டிருந்தால், எனக்கு ஒரு வரி போடு. உன்னை ஏச எனக்கு வாய் இல்லை. காசு வேண்டுமென்றால் கொம்மாவின் காப்பு இருக்கிறது, நாவலடிப் பக்கத்துக் காணியும் இருக்கிறது, பிளேட் போட்ட வீடும் இருக்கிறது.

சைக்கிள் படலையில் சாத்துகிற சத்தம் கேட்கிறது, அவன்தான் வந்துவிட்டான். இன்றைக்குச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். கொம்மாவிடம் முதல் சொல்லியிருக்கவேண்டும், அவ இப்போது தேத்தண்ணி ஊற்றுகிறா. இரவு இங்கே ஒன்பதரைக்குப் பிறகு எடு, அங்கே ஏழு மணியாக இருக்கும், கொம்மா படுத்துவிடுவா. நான் வெளித் திண்ணையில் போனோடு இருப்பேன்.

அப்பா