ஒரு சாமியாருக்கு நாலு வருஷம் கொடுங்கள்

தமிழக ஆயர் பெருமக்களுக்கும் குருமட அதிபர்களுக்கும் தோத்திரம்.

நான் தென்கோடிக் கடலோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஞாயிறு பூசை தவறுவதில்லை. பங்குப் பேரவையிலும் இரண்டு தடவை இருந்து, அன்பியம் என்கிற தெருக் குழுக்களின் கணக்கிலிருந்து திருவிழாக் கணக்கு வரை தலையைக் கொடுத்தவன். வெளியே நின்று கல்லெறிகிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

விஷயம் தனிநாயகம் அடிகளைப் பற்றியது. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 2 வந்தால் படத்துக்கு மாலை போடுகிறோம். பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். எல்லாப் பிள்ளையும் "உலகத் தமிழ் மாநாடு கண்ட தந்தை" என்று ஆரம்பித்து, கைதட்டு வாங்கி இறங்கும். அப்புறம் டீ, பிஸ்கட். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு, நடுவர் நாற்காலியில் இருந்த நானும் கேட்டதில்லை. பங்கு வேலை பார்க்க வேண்டிய ஒரு மறைமாவட்டக் குருவுக்கு இவ்வளவும் செய்ய நேரம் எப்படிக் கிடைத்தது? யார் கொடுத்தார்கள்?

அவர் 1913 இல் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், கரம்பொன்னில் பிறந்தார். பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது பின்னால் முன்னோர் பெயரிலிருந்து தானே எடுத்து வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பிள்ளை. கொழும்பில் குருமடம், பிறகு உரோமை. 1938 இல் அங்கேயே குருப்பட்டம். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது மூன்றாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கத் திருச்சபை, கார்த்தேஜ் நகரத்துக் குருக்கள். இலத்தீன், இத்தாலியம் எல்லாம் கைவசம். தமிழ்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அப்படிப்பட்டவர் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மேற்றிராணியார் அப்போது ரோச் ஆண்டகை; இலத்தீன் வழிபாட்டுமுறையில் இந்தியரான முதல் மறைமாவட்ட ஆயர் அவர்தான். 1940 இல் வடக்கன்குளம் புனித தெரசா பள்ளியில் அடிகளுக்கு வேலை. வடக்கன்குளம் என்றால் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர். சாதிக்கு ஒரு பக்கமாக உட்காரும்படி கோயிலையே இரண்டு கையாகக் கட்டிய ஊரும் அதுதான். (அந்தக் கதைக்கு இன்னொரு மடல் வேண்டும்.) அந்த ஊரில் உரோமையின் டாக்டர் பட்டத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இருபத்தேழு வயதுச் சாமியார், குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதர் முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். வகுப்பில் வாத்தியார், வாத்தியார் வீட்டில் மாணவன். முப்பத்து சொச்சம் வருஷம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டாவது வேலைக்குத்தான் அதிக மனத்திடம் வேண்டும்.

1945 இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எம்.ஏ., பிறகு எம்.லிட். திரும்ப நாலு வருஷம் ஆயிற்று. மேற்றிராணியார் அனுமதி இல்லாமல் ஒரு குரு இப்படிப் போக முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'பங்குக்கே ஆள் இல்லை, இவர் என்ன சிதம்பரத்தில் உட்கார்ந்து சங்க இலக்கியம் படிக்கிறார்' என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள். அதிலும் காதலைப் பாடும் அகத்திணை! களவும் கற்பும் ஒரு சாமியாருக்கு எதற்கு என்று கேட்க அன்றைக்கும் ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? அவர் பாட்டுக்குக் குறிஞ்சியையும் முல்லையையும் நெய்தலையும் எடுத்து, சங்கப் பாட்டில் இயற்கை எப்படி வருகிறது என்று எழுதி முடித்தார்.

அந்த நாலு வருஷம் என்ன விளைத்தது என்று பாருங்கள். பிறகு ஐரோப்பிய நூலகங்களுக்குப் போனபோது மற்றவர் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டது. 1554 இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஜெப நூலைப் பற்றி நம்மவர்களுக்கு எடுத்துச் சொன்னார். முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஹென்றிக் அடிகளார் 1586 இல் அச்சிட்ட அடியார் வரலாறு அவருக்கு வத்திக்கான் நூலகத்தில் தென்பட்டது. 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான புரொயன்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துகீசிய அகராதியை 1966 இல் கோலாலம்பூரிலிருந்து அப்படியே நகலாக வெளியிட்டார். அந்த அலமாரிகளை அதற்கு முன்னும் ஆட்கள் திறந்திருப்பார்கள். இலத்தீன் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பக்கத்து மொழிகள் தெரியாது. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால் வந்த வினை இது. குருமடமும் அண்ணாமலையும் சேர்ந்து உண்டாக்கிய தலை அது.

மற்றது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது, பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசாவைத் தலைவராக வைத்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளும் அதன் செயலாளர்கள். இரண்டு வருஷத்தில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. பின்னால் வந்த மாநாடுகளில் ஊர்வலமும் அலங்கார வளைவும் கட்டுரைகளை மூழ்கடித்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பொது விவகாரம் என்றதும் நம்மில் சிலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. சாமியார் அரசியல் பேசலாமா என்று. 1956 இல் இலங்கையில் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தபோது அடிகள் அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கல்வித்துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தமிழின் உரிமைக்காக மேடையிலும் பேசினார், எழுத்திலும் வாதாடினார். அவர் பேச்சுக்கு எடை வந்தது அங்கியால் இல்லை, படிப்பால். இன்னொருவர், நம் திருச்சி விரகாலூரில் பிறந்த இயேசு சபையின் ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் சிறையில் கிடந்த பழங்குடி விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வு செய்து எழுதியவர். 2020 அக்டோபரில் கைதாகி, காவல் முடியாமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் எண்பத்து நாலு வயதில் இறந்தார். அவரும் முதலில் போய் விசாரித்தார், பிறகு எழுதினார், அதற்குப் பிறகுதான் குரல் கொடுத்தார்.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த இளம் குரு ஒருவர் இருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். குருமடத்தில் இருந்தபோதே பழைய அம்மானைகளையும் வாசகப்பா நாடகங்களையும் தேடித் தேடிப் படித்தவர். கிராமத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பாட்டுகளை எழுதி வாங்கியவர். குருப்பட்டம் ஆனதும் அவரைப் பள்ளித் தாளாளர் ஆக்கினார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். மேசையில் கட்டட வரைபடம், பேருந்துக் காப்பீட்டுத் தாள், ஆசிரியர் நியமனக் கோப்பு, ஒரு ஜெனரேட்டர் ரசீது. "அந்த நோட்டுப் புத்தகம் என்ன ஆச்சு சாமி?" என்றேன். சிரித்தார். "ஐந்து வருஷமா திறக்கல சார்." அவரிடம் கோபமில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் கேட்பது சின்னது. மறைமாவட்டத்துக்கு ஒரே ஒரு குரு. ஆசை உள்ள ஆளாகப் பார்த்து நாலு வருஷம் கொடுங்கள். தமிழோ, வரலாறோ, சட்டமோ, கடல் வளமோ, அவர் விருப்பம். அந்த நாலு வருஷத்தில் தாளாளர் பதவி வேண்டாம், கட்டடக் குழு வேண்டாம். ஞாயிறு பூசை வைக்கட்டும், மீதி நாள் நூலகத்தில் கிடக்கட்டும். படித்து வந்ததும் உடனே தூக்கி நிர்வாகத்தில் போட்டுவிடாதீர்கள். அது விதைநெல்லை அவித்துத் தின்கிற வேலை. குருமடத்திலும் தமிழை மறையுரை தயாரிக்கும் கருவியாக மட்டும் சொல்லிக்கொடுக்காமல், இலக்கியமாகச் சொல்லிக்கொடுங்கள். நல்லூர் ஞானப்பிரகாசர் சொற்பிறப்பு அகராதி எழுதியதும் குருவாக இருந்துகொண்டேதான்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். பற்றாக்குறை உண்மை. ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பத்து நாளும் மேடை நிறையக் குருக்களைப் பார்க்கிறவன் நான்.

அடிகள் வத்திக்கான் வரை போய்த் தேடினார். நம் பக்கத்திலேயே ஒரு பழைய சாமியார் பங்களா மாடியில் மர அலமாரி ஒன்று இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் அது திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். கையெழுத்தில் எழுதிய தடித்த நோட்டுகள், நூலால் கட்டிய காகிதக் கட்டுகள், ஓரமெல்லாம் கரையான் மண். ஒரு கட்டின் மேல் 'வாசகப்பா' என்ற வார்த்தை மட்டும் படிக்க முடிந்தது. தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்ததால் கையை எடுத்துக்கொண்டேன். போன வாரம் அங்கே போய் அலமாரிச் சாவி யாரிடம் என்று, சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியாரிடம் கேட்டேன்.

"அது பழைய சாமி வச்சிருந்தாங்க சார். மாறிப் போய்ட்டாங்க. புதுச் சாமிக்கு இதெல்லாம் தெரியாது. அவங்களும் ஜூன்ல மாறுறாங்க."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன்