புரட்டிப் பார்த்தால் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பாரசீகக் கம்பளங்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. ஒரே நிறம் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் இருந்தால் அது பழுது, வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஷார்ஜாவில் கம்பளம் பழுது பார்க்கும் வேலையில் 19 வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த நிற மாற்றத்துக்கு அப்ரஷ் என்று பெயர். மஞ்சிட்டி வேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றிய காலத்தில், நூலை ஈடு ஈடாகத்தான் சாயத்தில் முக்குவார்கள். ஒரு ஈடு தீர்ந்து அடுத்தது தறிக்கு வரும்போது நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் அந்தப் பட்டை ஊடை, அதாவது குறுக்கு நூல், போகும் திசையிலேயே நேராக ஓடும். கம்பளத்தைப் புரட்டினால் பின்பக்கமும் அதே இடத்தில் தெரியும். வெயிலில் வெளுத்ததென்றால் அப்படி இருக்காது. முன்பக்க இழையைப் பிரித்துப் பாருங்கள், நுனி வெளிறி அடியில் நிறம் அப்படியே நிற்கும்.

நெய்த ஊரையும் பார்க்க வேண்டும். ஈரானில் காஷான் நகரத்துப் பட்டறையில் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வளைந்து போகும் கொடியும் நடுவில் பெரிய பதக்கமுமாக நெருக்கமாக முடிச்சுப் போடுவார்கள். அங்கே அப்ரஷ் குறைவு. தப்ரீஸ் நகருக்குக் கிழக்கே ஹெரிஸ் கிராமங்களில் முடிச்சு பெரிது, அதே கொடி கோணல் கோணலாக உடைந்து நிற்கும். தென் ஈரானில் ஃபார்ஸ் பக்கத்துக் காஷ்காய் மக்கள் ஆட்டு மந்தையோடு இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். தரையில் படுக்கவைத்த தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அடுத்த இடத்தில் மறுபடி விரிப்பார்கள். நம் சேலை மாங்காய் அவர்கள் கையில் கட்டம் கட்டமாக வரும். ஹெரிஸ், காஷ்காய் இரண்டிலும் அப்ரஷ் இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். (புதுக் கம்பளத்தில் இதை வேண்டுமென்றே நெய்வதும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துப் பழசு என்று நம்பிவிடக் கூடாது.)

ஒருமுறை பழைய ஹெரிஸ் ஒன்று வந்தது. நீலத்தின் நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் பூத்த பட்டை. நெய்தவளின் வீட்டில் அவுரி தீர்ந்த நாள் அது என்றே எனக்குத் தோன்றும். வாங்க வந்தவர் கறை என்றார். முதலாளி சொல்ல, சாயப் பேனாவால் நான்தான் இரண்டு நாள் உட்கார்ந்து அதை மூடினேன். இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த இணைப்பில் ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காயல்பட்டினம்