குளவியோடு வளர்ப்பு முறையும் கைமாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற குளவி 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. இனி இந்தக் குளவியை ஊரிலேயே பெருக்கும் வேலையை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். இந்த மாவுப்பூச்சியில் எல்லாமே பெண்தான். ஆண் துணையின்றி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கோடையில் அது பரவும் வேகத்துக்கு, குப்பியில் எப்போதாவது வந்து சேரும் குளவி ஈடுகொடுக்காது.

வளர்ப்புக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. தொட்டியில் மரவள்ளி நட்டு, நுண்வலைக் கூண்டில் வைத்து, மாவுப்பூச்சியின் முட்டைப் பைகளைத் தளிரில் ஒட்டவிட வேண்டும். குஞ்சுகள் இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவத்தை எட்டிய பிறகே குளவியை உள்ளே விட வேண்டும். அவசரப்படுவோர் தவறுவது இந்த இடத்தில்தான். சின்னக் குஞ்சுகளில் இட்ட முட்டைகளிலிருந்து பெரும்பாலும் ஆண் குளவிகளே வரும்; கூண்டு நிறையக் குளவி தெரியும், அடுத்த தலைமுறை படுத்துவிடும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு ஏறி, மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக அதைக் காத்துக் குளவியை விரட்டும். மஞ்சள் நிறப் பப்பாளி மாவுப்பூச்சி கலந்தாலும் கெட்டது. அதில் இந்தக் குளவி வளராது. நமக்கு வேண்டியது இளஞ்சிவப்புப் பூச்சி.

இவற்றைத் துண்டறிக்கையில் படித்துக் கற்க முடியாது. வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்யப்போகிறவர், ஒரு தலைமுறை முழுவதும் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து கைப்படச் செய்து பழக வேண்டும். அதன் பின்னும் நிலையம் சில மாதங்களுக்கு ஒருமுறை தூய தாய்க் குளவிகளைக் கொடுத்து, ஆண் பெண் விகிதத்தைச் சோதித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடமைகள் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதிகாரி மாறினாலும் வேலை நிற்காது.

செலவுக்கு, மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேகோ (ஜவ்வரிசி), ஸ்டார்ச் ஆலைகள் முன்வர வேண்டும். கிழங்கு வரத்து குறைந்தால் அடிபடுவது அவையும்தான். 1981 முதல் ஆலைகளை ஒன்றுசேர்த்து நடக்கும் சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இதற்குப் பொருத்தமான அமைப்பு.

விடும்போதும் கவனம் வேண்டும். குளவிக் குப்பிகளை வெயிலில் வைக்காமல் காலையிலோ மாலையிலோ கொண்டுபோய், நுனி கொத்தாகச் சுருங்கிய செடிகளில் விட வேண்டும். பக்கத்து வயலில் மருந்தடித்தாலும் குளவி செத்துவிடும். அதனால் ஊர்க் கூட்டம் போட்டு முன்கூட்டிச் சொல்லித் தெளிப்பை நிறுத்த வேண்டும். பாதித்த வயலின் குச்சியை நடவுக் கரணைக்காக வெளியூருக்கு அனுப்பும் வழக்கத்தையும் அதே கூட்டத்தில் பேசித் தடுப்பது நல்லது. பூச்சி மாவட்டம் விட்டு மாவட்டம் போக அதுவே முக்கிய வழி.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர்,
சேலம் மாவட்டம்.