கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் பந்தயம்: சாவி கொடுத்தவர் மீதும் நடவடிக்கை கோரி மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம்,
செங்கல்பட்டு மாவட்டம்.
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர்,
செங்கல்பட்டு.

பொருள்: பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் புதிதாக உரிமம் பெற்றவர்களும் அதிவேக கார்களைப் பொதுச் சாலையில் பந்தயமாக ஓட்டுவதைத் தடுக்கவும், அந்தக் கார்களின் உரிமையாளர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேலும், ஞாயிறு விடிவதற்கு முன்பும் எங்கள் ஊர் வழியாகக் கார்கள் கூட்டமாகப் பறக்கின்றன. முதலில் ஒரு கார் நான்கு பக்க விளக்கும் சிமிட்டியபடி மெதுவாக வந்து, பின்னால் வரும் பஸ்ஸையும் லாரியையும் மறித்துக்கொண்டு ஊர்கிறது. முன்னே சாலை காலியானதும் மற்ற இரண்டு கார்கள் பக்கவாட்டில் சேர்ந்து நிற்கின்றன. கூரைத் திறப்பு வழியாக ஒரு பையன் இடுப்புவரை வெளியே எழுந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறான். நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்களின் மேல் கறுப்பு நாடா ஒட்டியிருக்கும். பிறகு வெடிச் சத்தம் போல் சைலன்சர் அலற, கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்களில் பலருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

அதே நேரத்தில் எங்கள் பெண்கள் மீன் ஏலத்துக்குக் கிளம்புவார்கள், ஆண்கள் வலையோடு கடற்கரைக்குப் போவார்கள். தலையில் அலுமினிய அன்னக்கூடை இருக்கும் ஒரு பெண், சென்டர் மீடியன் வரை பாதிச் சாலையைக் கடக்கக் குறைந்தது ஆறு விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஆறு விநாடியில் 100 மீட்டர் வரும்; 120-இல் வந்தால் 200 மீட்டர், 150-இல் வந்தால் 250 மீட்டர். இருட்டில் அவள் பார்ப்பது தூரத்தில் இரண்டு விளக்குகளைத்தான். இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, போய்விடலாம் என்று பல வருடப் பழக்கத்தில் கால் எடுத்து வைக்கிறாள். அவளுடைய கணக்கு பஸ்ஸுக்கும் லாரிக்கும் சரியாக வரும், இந்தக் கார்களுக்கு வராது. நின்ற இடத்திலிருந்து நான்கைந்து விநாடியில் 100 கிலோமீட்டரைத் தொடும் வண்டிகள் இவை.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கனரக வாகனத்துக்கு உரிமம் கேட்டபோது, இலகுரக உரிமம் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். பொதுப் போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. பதினாறு வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும் ஓட்டலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆக, வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப வண்டியைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. பதினெட்டு வயதில் கார் உரிமம் கொடுக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில், பயிற்றுநர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க ஓட்டிப் பழகியவன், உரிமம் கைக்கு வந்த மறுநாளே 500 குதிரைத்திறன் காரை எடுத்துக்கொண்டு இந்தச் சாலைக்கு வரலாம். இலகுரக வண்டியா என்று அறிய 7,500 கிலோவுக்கு உட்பட்டதா என எடையைப் பார்க்கும் சட்டம், எஞ்சினின் வலுவைப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2024 டிசம்பர் முதல் மிக அதிக ஆற்றல் கொண்ட கார்களுக்குத் தனி வகை உரிமமே கொண்டுவந்துவிட்டது. சட்டத்தைத் திருத்துவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். இப்படியொரு படிநிலை உரிமம் தேவை என்று மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பெயரில் அரசுக்குப் பரிந்துரை அனுப்பத் தங்களால் முடியும்.

தங்கள் கையில் உள்ளது வேறொன்று. 2019-ஆம் ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டான்" என்று தகப்பனார் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதுதான். இத்தனை கூர்மையான சட்டம் இருந்தும், எங்கள் கண்ணெதிரே நடப்பது அபராத ரசீதோடு முடிந்துபோகிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் எல்லையில் ஒரு கார் மீடியனில் ஏறி நின்றது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஏர்பேக்கைத் தள்ளிவிட்டு இறங்கிய பையன் முதலில் வீட்டுக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் இன்னொரு காரில் வந்து இறங்கிய நடுவயதுக்காரர், நசுங்கிய காரின் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டின் சம்பள டிரைவராம். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2024 மே 19 அன்று புணேயின் கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே கார் மோதி, பைக்கில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததுதான் ஊர் வாயில் நின்றது. அங்கும் வீட்டு டிரைவரைப் பழி ஏற்கச் சொன்னதாகத் தனி வழக்கு எழுந்தது.

ஆகவே எங்கள் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: இனி பிடிபடும் ஒவ்வொரு வண்டியிலும், ஓட்டியவர் யார் என்பதோடு சாவி கொடுத்தவர் யார் என்பதையும் காவல்துறை பதிவு செய்ய வேண்டும். ஓட்டியவர் சிறார் என்றால் 199ஏ பிரிவில் வழக்கும், பதிவை ரத்து செய்யும் பரிந்துரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சைலன்சரை மாற்றியிருந்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் உரிமையாளரிடமே வசூலிக்கலாம். எத்தனை வண்டிகள் மீது இவ்வாறு நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மாதந்தோறும் கேட்டு, அதை வெளியிடவும் வேண்டுகிறோம்.

வாடகைக் கார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தானே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். இங்கே வெள்ளைப் பலகையோடு சொந்தக் கார்கள் நாள் வாடகைக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவனின் வயதைக் கேட்க ஆளில்லை.

ஓரிடத்தில் மட்டும் கேமரா வைத்துப் பயனில்லை. அந்தக் கம்பம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மிதிக்கிறார்கள். கோவளம் சந்திப்பிலும் மாமல்லபுரம் நுழைவிலும் நேரத்தைக் குறித்து, இடையில் ஓடிய சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வேண்டும்.

இளைஞர்கள் மேல் எங்களுக்குக் காழ்ப்பு இல்லை. வேகம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த கார் பந்தயத்துக்குக்கூடச் சாலையை அடைத்து, தடுப்பு எழுப்பி, ஆம்புலன்ஸ் நிறுத்திய பிறகுதானே வண்டியை விட்டார்கள்? 2022-இல் மட்டும் தமிழகத்தில் 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்.

கேமரா பொருத்த எங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுக் கட்டடத்தின் மாடியையும் மின் இணைப்பையும் தர ஒப்புதல் பெற்றிருக்கிறோம். மேலே சொன்ன மீடியன் விபத்தின்போது எடுத்த படங்கள் எங்களிடம் உள்ளன. விசாரணைக்கு அழைத்தால் நானும் இன்னும் மூவரும் வந்து சாட்சி சொல்லத் தயார். தகவல் கொடுப்பவர்களின் பெயர் வெளியே போகாது என்று மட்டும் உறுதியளிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக மனுதாரர்

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை.
இணைப்பு: கையொப்பத் தாள்கள், புகைப்படங்கள், கூட்டுறவுச் சங்க ஒப்புதல் கடிதம்.