பேரூர் வீடு பிடிச்சிருக்குதா?

அம்மிணிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மத்தபடி சௌக்கியம். போன் பண்ணும்போதெல்லாம் "வீடு பிடிச்சிருக்குதுங்களாப்பா"ன்னு கேட்கிறே. நானும் "ம், பரவாயில்ல"ன்னுட்டு அம்மாகிட்டக் குடுத்துடறேன். இன்னைக்கு எழுதியே சொல்லீரலாம்னு உட்கார்ந்தேன்.

"ஆத்தோரம், ஒரே மரமா இருக்குது"ன்னுதானே இந்த வீட்டை வாங்கினே. எனக்கு அந்த ஆத்தோரந்தான் ஒப்பலை. நொய்யல் ஆறுன்னா எனக்கு ஒரத்துப்பாளையம் அணைதான். 1992ல அணை கட்டி முடிச்சப்ப, இனி மேட்டாங்காடெல்லாம் வயலாயிரும்னு நம்பினோம். வந்தது திருப்பூர்ச் சாயத்தண்ணி. கிணறு உப்புக் கரிச்சதும் தென்னை காய்ப்பு நின்னதும் நீயே பார்த்ததுதான். 2011ல கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. நம்ம கிணறு அதுக்குப் பொறவும் தேறலை. அதே ஆத்துக்கரைக்கே குடி போறதான்னுதான் ரெண்டு வருசம் சாக்குச் சொன்னேன்.

போன வாரம் வெள்ளியங்கிரி மலைல நல்ல மழை. இங்கே வெறும் சாரல். காலைல பால் வாங்கப் போனவன், சத்தம் கேட்டுப் படித்துறைக்குப் போனேன். ஆத்துல தண்ணி! செம்மண் கலங்கலா, பாக்கு மட்டையும் மூங்கில் சருகுமா உருட்டிக்கிட்டு வருது. பழக்கதோசம், முதல்ல நுரையைத்தான் தேடினேன். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். மண்வாசம். நாக்குலயும் வெச்சேன், உப்பில்லை. அம்மாகிட்டச் சொல்லீராதே.

அன்னையிலிருந்து தினமும் நடைதான். மேக்கால போனா பாக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, மயில் அகவுற சத்தம். கிழக்கால கோயமுத்தூர் டவுன் பக்கம் போகப்போக சாக்கடை சேர்ந்து மூக்கைப் பொத்தோணும், அதையும் சொல்லீடறேன். வெய்யில் ஏறுனா பட்டீஸ்வரர் கோயிலுக்குள்ள போயிருவேன். கனகசபை மண்டபத் தூண்ல யானைத்தோல் போர்த்த சிவன் ஒருத்தர் இருக்கார், அவருகிட்டயே அரைமணி நேரம் போயிரும். அங்கே பிறவாப்புளின்னு ஒரு மரம். அதோட கொட்டை முளைக்காதாம். ஒண்ணை நட்டுத்தான் பார்க்கலாமேன்னா அம்மா விடமாட்டேங்கறா. வெவசாயி கையி சும்மா இருக்குமா?

அந்தத் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு சமையலறை ஜன்னல்ல வெச்சிருக்கேன். மண்ணெல்லாம் அடியில படிஞ்சு மேலே தெளிஞ்சிருச்சு. தீபாவளிக்கு நீ வந்ததும் ஊருக்கு எடுத்துட்டுப் போய் உங்க பெரியப்பனுக்குக் காட்டோணும். நொய்யல் தண்ணின்னா அவரு நம்பமாட்டார்.

அப்பா