கேட்காமல் விட்ட கேள்வி

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

நம் சபைப் போதகரான ஐயர் கட்டட நிதியில் கை வைத்தது உண்மை என்று உறுதியான பிறகு, இனி எவருடைய பிரசங்கத்தையும் முழு மனதோடு கேட்க முடியாது என்று போனில் சொன்னாய். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனைகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். உன் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால், அவர் தொடக்கத்திலிருந்தே வேஷக்காரர்தான் என்று நீ சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் சேகரத்துக்கு வந்த புதிதில் அவர் காணிக்கைப் பையைத் தொடவே மாட்டார். ஆராதனை முடிந்ததும் ஆலயப் பணியாளரான கோயில்குட்டி பைகளை மேசைமேல் கவிழ்ப்பார். கமிட்டியார் இருவர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே ஐயர் கையெழுத்திடுவார். ஒரு முறை பத்து ரூபாய் குறைந்தபோது, அங்கியைக்கூடக் கழற்றாமல் மேசைக்கடியில் குனிந்து தேடியவர் அவர். அந்த மனிதர் நடிக்கவில்லை, மகளே. பல ஆண்டுகள் கழித்துத்தான், நேரமாகிறது, வீட்டில் எண்ணிக்கொள்ளலாம் என்று பைகள் ஐயர் குடியிருந்த குருமனைக்குப் போகத் தொடங்கின. கணக்குக் கேட்ட மூத்த உறுப்பினர் ஒருவரை, சபையில் பிரிவினை உண்டாக்குகிறவர் என்று பிரசங்க பீடத்திலிருந்தே கடிந்துகொண்டார்.

யூதாவின் ராஜாவாகிய ஆசாவின் சரித்திரத்தை, இரண்டாம் நாளாகமம் 14 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களில் மறுபடியும் படித்துப் பார். விக்கிரகங்களை அகற்றியவன், விக்கிரகம் செய்த தன் தாயையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கியவன், பத்து லட்சம் பேர் எதிர்த்து வந்தபோது கர்த்தரையே நோக்கிக் கூப்பிட்டவன், தன் அரசாட்சியின் 36ஆம் வருஷத்தில் ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியின்மேல் கோபங்கொண்டு, அவனைக் காவலில் வைத்தான். பொன்னை எடுத்த பிறகும் ஆசாவுக்குத் திரும்பிவர வழி இருந்தது. கண்டிக்க வந்தவனை அடைத்த நாளில் அந்த வழியையும் அவனே அடைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். தாவீது செய்தது இதைவிடக் கொடியது. ஆனாலும் தீர்க்கதரிசியாகிய நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னபோது, பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான்.

சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேர்பெற்ற சுவிசேஷகர் ரவி சகரியாஸின் காரியமும் உனக்குத் தெரியும். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முறையீடு வெளியே வந்தபோது, அவருடைய ஊழிய நிறுவனம் அவருடைய மறுப்பைத்தான் நம்பியது. 2020 மே மாதத்தில் அவர் காலமானார். மசாஜ் செய்யும் பெண்கள் பலரிடம் அவர் பல ஆண்டுகளாகத் தவறாக நடந்துகொண்டதை 2021 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. அந்தப் பெண்ணை நம்பாமற்போனதற்காக நிறுவனம் வருந்தியபோது, பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள், அவர் மனந்திரும்புவதற்கு இருந்த மூன்று ஆண்டுகளைத்தான் வீணாக்கினார்கள்.

இதை நான் அவர்களைப்பற்றி மட்டும் சொல்லவில்லை. பைகள் குருமனைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் நானும் கமிட்டியில் இருந்தேன். என் கண் முன்னால் எண்ணப்படாத தொகைக்கு, ஐயர் சொன்ன எண்ணை நம்பி, பதினான்கு வாரங்கள் கையெழுத்திட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த மாதம் உன் கல்யாணத்தை நடத்தி வைக்கவிருந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். அன்றைக்கே கேட்டிருந்தால் அவர் கோபித்திருப்பார். ஒருவேளை அதோடு நிறுத்தியும் இருப்பார்.

அந்தப் பக்கங்களைப் புதிய கமிட்டியிடம் காட்டி, என் தவறை எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை ஐயரைப் பார்க்கப் போகிறேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுப் படியை மிதிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அவரைத் தேற்றிவிட்டு வருவது என் நோக்கமில்லை; அன்று கேட்காமல் விட்டதை எதிரே உட்கார்ந்து கேட்கப்போகிறேன். பேச்சு தடுமாறாமலிருக்க எனக்காக ஜெபித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா