கண்டன்சரில் பூத்த பூ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கலைப் பக்கத்தைப் படித்தேன். கனடாவின் முதற்குடிக் கலைஞர்களை எம்மவருக்கு அறிமுகம் செய்ய நினைத்தது நல்ல காரியம். ஆனால் கட்டுரை நெடுக 'செவ்விந்தியர்' என்ற சொல். மின்னணு உதிரிப்பாகங்கள் வைத்துத் தைத்த தோள்பையின் படத்தைப் போட்டுவிட்டு, 'நவீனம் புகுந்து மரபு கெட்டது' என்று ஒரு வரி. அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்திலும் பிறகு ஸ்காபரோவிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வானொலியும் தொலைக்காட்சியும் பழுதுபார்த்தவன் நான். பாரி ஏஸ் என்ற முதற்குடிக் கலைஞர் செய்த அத்தகைய பை ஒன்றை இங்குள்ள காட்சிக்கூடத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெல்வெட் துணி. தள்ளி நின்றால் பூவும் கொடியும்தான் தெரியும். கிட்டப் போனால் இதழ்கள் எல்லாம் கண்டன்சர்கள், அதாவது மின்தேக்கிகள்! காம்பாகப் படுத்திருப்பவை ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று தடையின் அளவைச் சொல்லும் அவற்றின் நிற வளையங்களை என் கண் தானாகவே வாசித்தது. 4700 ஓம். ஆயுள் முழுக்கக் கழற்றியும் பற்றவைத்தும் பழகிய பொருள்கள் ஒரு பூவாக விரிந்து நிற்பதைப் பார்த்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏஸ் ஹூரோன் ஏரியின் மானிடூலின் தீவைச் சேர்ந்த ஒடாவா இனத்தவர். ஒடாவா மக்கள் அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினர். இத்தகைய பைகளில் பூ வேலைக்கு வழக்கமாக வைத்துத் தைக்கும் சிறு மணிக்கு அவர்கள் மொழியில் 'மனிடோமினென்ஸ்' என்று பெயர். ஆவியின் சிறு கனி என்று பொருள். வெறும் அலங்காரப் பொருளுக்கு யாரும் இப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். கண்டன்சரின் வேலை என்ன? மின்னூட்டத்தைத் தனக்குள் தேக்கி வைத்திருப்பது. ஆவி உறையும் மணியின் இடத்தில் அதைத் தேடி வைத்துத் தைத்தவரா மரபைக் கெடுத்தவர்?

கட்டுரையாளர் 'அசல்' என்று கொண்டாடும் கண்ணாடி மணியும் அந்த மண்ணில் விளைந்ததல்ல. விலங்குத் தோலுக்கு மாற்றாக ஐரோப்பிய வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்த சரக்கு அது. வெல்வெட்டும் அப்படி வந்ததுதான். அதற்கு முன்பு முள்ளம்பன்றியின் முள்ளைச் சாயத்தில் தோய்த்து, ஈரப்படுத்தித் தட்டையாக்கித் தோலில் தைத்தார்கள். புதிதாக வந்ததை எடுத்துத் தம் பூவாக்கிக்கொள்வதுதான் அந்த மக்களின் மரபு. ஏஸ் சில பைகளில் சிறு திரையையும் பொருத்திப் படம் ஓடவிட்டிருக்கிறார். அதுவும் இந்த வழியில் வந்ததே.

அவர் தனி ஆளுமல்ல. வாலி டியோன் என்ற இன்னொரு முதற்குடிக் கலைஞர் கணினியின் சர்க்யூட் பலகைகளை ஒட்டுப்போட்டு நட்சத்திரப் போர்வை செய்கிறார். ரெபெக்கா பெல்மோர் என்ற கலைஞர், கியூபெக்கின் ஓக்காவில் மோஹாக் மக்கள் 1990 இல் நடத்திய நிலப் போராட்டத்துக்கு அடுத்த ஆண்டே, ஆளுயரம் விரிந்த வாயுடன் மரத்தில் ஒரு மெகாபோன் செய்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார். மக்கள் அதன் வழியே நிலத்தாயிடம் பேசினார்கள். அந்த மெகாபோனின் படத்தைத் தங்கள் இதழில் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று. இவர்களைக் கட்டுரை இறந்தகாலத்திலேயே எழுதியிருக்கிறது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் மிசிசாகா நகரத்தின் பெயரே அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினரின் பெயர். ரொறன்ரோ நிலம் தங்களிடமிருந்து முறையின்றி வாங்கப்பட்டது என்று அரசிடம் உரிமை கோரி, 2010 இல் 14.5 கோடி டொலர் இழப்பீடு பெற்றவர்களும் அவர்களே. நாம் வீடு வாங்கியிருப்பது அவர்கள் மண்ணில்.

ஆகவே, செவ்விந்தியர் என்ற சொல்லை விட்டுவிட்டு அனிஷினாபே என்றே எழுத வேண்டுகிறேன். அந்தத் தோள்பைப் படத்தின் கீழே 'பழங்குடிக் கைவினைப் பொருள்' என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. செய்தவரின் பெயரை அடுத்த இதழிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ